ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

மதினி,

இன்று காலை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் நின்று ஒரு குடம் பிடித்து இடுப்பில் ஏற்றியபோது, தளும்பிய தண்ணீரிலிருந்து அந்த வாடை முகத்தில் அடித்தது. மக்கிய இலையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை. வெகுநாள் வெளிச்சம் படாமல் ஆழத்தில் கிடந்த தண்ணீருக்கு மட்டுமே உள்ள வாடை.

"எங்கயிருந்துண்ணே இந்தத் தண்ணி?" என்று லாரிக்காரரிடம் கேட்டேன்.

"கெணறு வத்திக்கிட்டு வருதுல்ல டீச்சர், அடித்தண்ணிதான் ஏறுது. காச்சிக் குடிங்க" என்றார்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டேன். சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. ஆனால் என் கால்கள் இரண்டும் முழங்கால்வரை சில்லிட்டுப்போயின. பின்னால் நின்ற பெண் என் தோளைத் தொட்டு, "ஒடம்புக்கு முடியலையா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? பதினாறு பதினேழு வருஷத்துக்கு முன்னால், மலையடிவாரத்து ஆற்றின் நடுவில் ஒரு பாறைமேல் உங்களோடு நின்றேன் என்று தண்ணீர் வரிசையில் சொல்ல முடியுமா?

அந்த நாளை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து முழுதாகப் பேசியதே இல்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். நானும் தையல் மிஷினை வேகமாக மிதிப்பேன். இப்போது நீங்கள் இல்லை. போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு திருச்சுழிக்கு வந்த புதிதில் எங்களுக்கெல்லாம் ஒரே வேடிக்கை. குண்டாற்றுக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. களை எடுக்கப் போகிறவர்கள், ஆடு பத்துகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஆற்று மணலில் இறங்கித்தான் அக்கரைக்குப் போவோம். எங்களுக்கு அது ஆறே இல்லை, அகலமான மணல் பாதை. நீங்கள் மட்டும் கரையில் நின்றுவிட்டீர்கள்.

"இதுக்கு மேல எங்கயாச்சும் டேமு இருக்கா?" என்று அண்ணனிடம் கேட்டீர்கள்.

அண்ணன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "டேமா? மழையே இல்லாத ஊர்ல டேமக் கட்டி என்னத்தத் தேக்குறது? நீ எறங்கி வா."

நீங்கள் இறங்கவில்லை. ரோட்டைச் சுற்றி, பாலத்தில் ஏறி, வெயிலில் அத்தனை தூரம் நடந்து வயலுக்கு வந்தீர்கள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, கடைசிவரை அப்படித்தான். காய்ந்த ஆற்றுக்குப் பயந்த மருமகள் என்று தெருவில் பேர் ஆகிப்போனது. நீங்கள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. என்னிடம் மட்டும், மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சொன்னீர்கள்.

"உங்க ஊர்ல மழ பேஞ்சாத்தான் ஆறு வரும். எங்க ஊர்ல அப்படியில்ல புள்ள. வானத்துல ஒரு மேகம் இருக்காது, ஆறு வந்துரும். ஆத்துக்கு சுவிச்சு இருக்கு."

வெள்ளைக்காரன் காலத்தில் உங்கள் ஊருக்கு மேலே மலையிடுக்கில் ஓர் அணையைக் கட்டினார்கள். ஒரு பஞ்சத்தில் நம் கரிசல் காட்டிலிருந்து பிழைக்கப்போனவர்கள்தான் அதற்குக் கல் சுமந்தார்களாம். உங்கள் தாத்தாவும் அவர்களில் ஒருவர். கட்டி முடித்த பிறகும் ஊர் திரும்பாமல் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டார். அந்த உறவு விட்டுப்போகக் கூடாது என்றுதான் உங்களை இங்கே கட்டிக்கொடுத்தார்கள். அணைக்குக் கீழே பவர்ஹவுஸ். மிஷின் ஓடினால் ஆற்றில் தண்ணீர், நின்றால் வெறும் பாறை. தாத்தா வந்த புதிதில் ஆற்றில் மணல் இருந்ததாம், கரை நெடுக நாணல் இருந்ததாம். மேலேயிருந்து வருகிற மணலை அணை பிடித்துவைத்துக்கொண்டது. கீழே இருந்ததைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. மிஞ்சியது கல்தான். மீன் முட்டை போட்டிருக்கும், தண்ணீரை நிறுத்துவார்கள், முட்டையெல்லாம் பாறையில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் என்றீர்கள்.

"டேமுக்கு மேல நிக்கிற தண்ணியத்தான் டவுனுலயிருந்து பஸ்ஸுல வந்து பாத்துட்டுப் போறாக. எங்களுக்கு வர்றது அடித்தண்ணி. வெயிலே பாக்காத தண்ணி. தொட்டா வெறைக்கும்" என்றீர்கள். கையிலிருந்த வற்றலைக் கிள்ளாமல் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். "எங்க பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. பானை கழுவிக்கிட்டு இருந்தா. பானை மட்டும் கெடைச்சுச்சு."

எனக்கு அப்போது பதினெட்டு வயது. கேட்டபோது பயமாக இருந்தது. ஆனாலும் கதை கேட்கிற பயம்தான் அது.

அடுத்த வருஷம் நீங்கள் முழுகாமல் இருந்தீர்கள். ஏழாம் மாசம் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் குறித்தோம். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். அந்தக் கோடையில் கரண்டுக்கு ரொம்பத் தட்டுப்பாடு. அண்ணன் தினமும் பஸ் ஏறிப்போய் அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தது. நாம் கிளம்புவதற்கு முந்தின நாள் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே அலுத்துக்கொண்டது.

"மில்லு, தறி எல்லாத்துக்கும் லீவ மாத்திப்புட்டாங்க. எல்லாரும் ஒரே நாள்ல ஓட்டுனா கரண்டு பத்தலையாம். இந்த வாரத்துலயிருந்து எங்களுக்குப் புதன்கெழமதான் லீவு. ஞாயித்துக்கெழம தறி ஓடணும். இனி நான் சர்ச்சுக்கு வந்த மாதிரிதான்."

"புதன்கெழம ஜெபம் பண்ணுனா ஆண்டவர் கேக்க மாட்டாராக்கும்?" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சோறு போட்டீர்கள். அண்ணனும் சிரித்தது. நானும்தான். அந்தப் பேச்சில் பயப்படுவதற்கு ஒன்றும் இருப்பதாக மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். மலையை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஊரே மலையின் நிழலில் ஒடுங்கிக் கிடந்தது. வீட்டு வாசலில் நின்று அண்ணாந்தால் இரண்டு மலைக்கு நடுவே அந்தக் கருங்கல் சுவர் தெரிந்தது. அதற்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று நினைத்துப் பார்த்தேன். உங்கள் அப்பாவிடம், "மாமா, அது உறுதியாத்தான் இருக்கா?" என்று கேட்டேன். "எங்கப்பன் சுமந்த கல்லும்மா, லேசுல அசையாது" என்றார். சொல்லிவிட்டு அவரும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு வருவதைக் காட்டுவதற்காக என்னைக் கரைக்கு அழைத்துப்போனீர்கள். கீழே வெள்ளை வெள்ளையாய்ப் பாறைகள், அங்கங்கே கால் நனையும் குட்டைகள். பவர்ஹவுஸ் பக்கத்திலிருந்து சங்கு ஊதியது. ஒரே மூச்சில் நீண்டு, அறுந்துபோகாமல் ஊதியது. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் துணியை வாரிக்கொண்டு மேலே ஏறினார்கள். பேச்சு நின்றுபோனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"குட்டையா விட்டு விட்டு ஊதுனா வேலையாளுக்கு. இப்படி நீட்டி ஊதுனா தண்ணி" என்றீர்கள்.

பெரிய சத்தத்தோடு வரும் என்று நான் காத்திருந்தேன். அப்படி வரவில்லை. முதலில் கல்லிடுக்குகளில் நுரை தெரிந்தது. வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. குட்டைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. பிறகு பார்த்தால், சற்று முன்னால் பெண்கள் குந்தியிருந்த இடமே இல்லை. கறுப்பாக, வழவழவென்று, வாடை அடிக்கிற தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது.

"சாயங்காலம் ஊருல எல்லா வீட்டுலயும் லைட்டப் போடுறாகள்ல, அதுக்குத்தான் இது. பகல்ல மில்லுக்காக விடுவாக. ஞாயித்துக்கெழம காலையில மட்டும் வராது. மில்லெல்லாம் லீவு, கரண்டு யாருக்கு வேணும்? அதான் நாங்க ஞாயித்துக்கெழம ஆத்தக் கடந்து கோயிலுக்குப் போறது" என்றீர்கள். நீங்கள் கோயில் என்று சொல்கிற அந்தச் சர்ச் அக்கரையில் இருந்தது. அணை கட்ட வந்தவர்களுக்காக அந்தக் காலத்தில் எழுப்பியது. பாலத்துக்குப் போகவேண்டுமானால் வெகுதூரம் சுற்றவேண்டும்.

மறுநாள் கோயில் மணி அடித்தபோது நீங்கள் சேலைக் கொசுவத்தோடு போராடிக்கொண்டிருந்தீர்கள். வயிறு பெரிதாகிவிட்டது, கொசுவம் நிற்கவில்லை. இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். "நீங்க முன்னாடி போங்கப்பா, நாங்க மெல்ல வாரோம்" என்று பெற்றவர்களை அனுப்பிவிட்டீர்கள். ஊர்ச்சனம் எல்லாம் ஆற்றைக் கடந்து போன பிறகு, நாம் இருவரும் கடைசியாக இறங்கினோம்.

கல்லுக்குக் கல் கையைப் பிடித்து உங்களை நடத்திக்கொண்டு வந்தேன். அக்கரையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஆற்றில் பாதி தாண்டியிருப்போம். சங்கு ஊதியது.

நீங்கள் நின்றுவிட்டீர்கள். வேலையாளுக்கான சங்காக இருக்கும், இப்போது அறுந்துவிடும் என்று நானும் காத்தேன். அது அறவில்லை. நீண்டுகொண்டே போனது.

"ஞாயித்துக்கெழமல்ல" என்றீர்கள். யாரிடமோ நியாயம் கேட்பதுபோல் இருந்தது உங்கள் குரல். மறுபடியும், "இன்னிக்கி ஞாயித்துக்கெழமல்ல புள்ள" என்றீர்கள்.

அந்த நொடியில்தான் எனக்கு அண்ணன் பேச்சு ஞாபகம் வந்தது. லீவு புதன்கிழமைக்குப் போய்விட்டது. அருப்புக்கோட்டையில் அந்த நேரம் தறி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. 

"ஓடிருவோம் மதினி!"

"ஓடுனா வழுக்கும். நான் விழுந்தா எந்திரிக்க முடியாது. பாறைல ஏறு."

பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வழுவழுப்பான பாறை நின்றது. சின்ன வயதில் நீங்கள் ஏறிக் குதித்த பாறையாம். கீழே இருந்து உங்களைத் தோளால் முட்டுக்கொடுத்து ஏற்றினேன். நகம் தேய, முழங்கை தேய ஏறினீர்கள். வளையல்கள் பாறையில் பட்டு நொறுங்கின. பச்சையும் சிவப்புமாகத் துண்டுகள் என் தலையில் விழுந்தன. உங்கள் கையிலிருந்து ரத்தம் வடிந்தது. நான் ஏறி முடிக்கும்போது என் பாதத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. பனிக்கட்டியை வைத்ததுபோல் இருந்தது.

மதினி, தண்ணீரைத் தெய்வம்போல் நினைக்கிற ஊர் நம்முடையது. ஒரு குடம் சிந்தினால் அம்மா திட்டுவாள். தண்ணீரைக் கண்டு நடுங்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாறையைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்பாக ஓடியது. கண்ணை எடுக்காமல் பார்த்தால் தண்ணீர் நின்றுவிட்டது, பாறைதான் நம்மைத் தூக்கிக்கொண்டு மேல்நோக்கி ஓடுகிறது என்று தோன்றியது. நான் சாயத் தொடங்கினேன். நீங்கள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினீர்கள்.

"தண்ணியப் பாக்காத. என் மூஞ்சியப் பாரு."

தண்ணீர் பாறையின் உச்சியை எட்டியது. பாதம் மூழ்கியது. கணுக்கால் மூழ்கியது. இன்னும் எவ்வளவு ஏறும் என்று நான் கேட்டேன். உங்களுக்கும் தெரியவில்லை. நீங்கள் பார்த்ததெல்லாம் கரையிலிருந்து பார்த்ததுதான். இந்தப் பாறை மூழ்குமா மூழ்காதா என்று யார் நின்று பார்த்திருக்கிறார்கள்? தண்ணீர் கெண்டைக்காலைத் தள்ளத் தொடங்கியபோது என் தாவணியை உருவி, ஒரு முனையை உங்கள் இடுப்பிலும் இன்னொன்றை என் இடுப்பிலும் கட்டினேன். ஈரத்தில் முடிச்சு விழவே நேரமானது.

நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு அவிழ்த்தீர்கள்.

"என்ன பண்றீங்க மதினி?"

"நான் கனம். நான் போனா ஒன்னையும் இழுத்துக்கிட்டுத்தான் போவேன்."

"போனாப் போறோம், கட்டுங்க!"

"கையப் புடிச்சுக்க. கைன்னா விட்டுரலாம். முடிச்சு விடாது."

நான் அழுதுகொண்டே மறுபடி கட்டினேன். நீங்கள் மறுபடி அவிழ்த்தீர்கள். இரண்டாம் தடவை தாவணியைத் தண்ணீரில் வீசிவிட்டீர்கள். ஒரு முறை சுழன்று அது போன வேகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். பிறகு கையும் போதாமல், கால்களை அகற்றி ஊன்றி, உங்களை அப்படியே கட்டிக்கொண்டேன். உங்கள் வயிறு நம் இருவருக்கும் நடுவில் இருந்தது.

அக்கரையில் பாட்டு நின்றுபோயிருந்தது. கோயிலைவிட்டு எல்லோரும் ஓடிவந்து கரையில் நின்றார்கள். வாய் அசைவது தெரிந்தது, தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மாமா தண்ணீரில் இறங்கிவிட்டார். நாலைந்து பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். அவர் அவர்களை அடித்தார். உங்கள் அம்மா தரையில் உட்கார்ந்து மண்ணை அறைந்துகொண்டிருந்தார்கள். போதகர் வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மொபெட்டில் பவர்ஹவுஸ் ரோட்டில் பறந்தது தெரிந்தது.

அப்போது நீங்கள் என் காதுக்குள் சொன்னீர்கள். "புள்ள அசையல."

"என்ன மதினி?"

"ஏறும்போது அடிவயிறு கல்லுல இடிச்சுருச்சு. அப்பயிருந்து அசையவேயில்ல. குளுந்து போச்சோ என்னமோ." உங்கள் பல் கிட்டியது. அதுவரை அழாத நீங்கள் அப்போதுதான் அழுதீர்கள். தண்ணீர் முழங்காலை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஜெபம் பண்ணினேன் என்று ஊரில் சொல்வார்கள். இல்லை மதினி. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆண்டவரிடமா, பவர்ஹவுஸ்காரரிடமா, அருப்புக்கோட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனிடமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று சொல்ல முடியாது. காலில் உணர்ச்சியே போய்விட்டது. பாறையை மிதித்து நிற்கிறேனா என்பதுகூடத் தெரியவில்லை. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கிக் காட்டினார்கள். பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள்தான், "எறங்குது புள்ள, எறங்குது" என்றீர்கள். குனிந்து பார்த்தால் என் கெண்டைக்கால் ஈரமாக மின்னிக்கொண்டு வெளியே தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் வயிற்றில் ஏதோ இடித்தது. இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்ததால் உங்கள் வயிற்றுக்குள்ளிருந்து விழுந்த உதை என்மேலும் விழுந்தது. நாம் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. "இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்ததும், கோயில் மணிக் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு மாமாவும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். முதலில் உங்களை இறக்கினார்கள். நான் மட்டும் பாறைமேல் தனியாக நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாவற்றிலும் கொடியது. பவர்ஹவுஸ் குடியிருப்பில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. நர்சம்மா உங்கள் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுது, நல்லா ஓடுது" என்று சொன்னபிறகுதான் எனக்கு நடுக்கமே ஆரம்பித்தது. பவர்ஹவுஸ் ஆபீசர் ஒருவர் வந்து வாசலோடு நின்றார். நல்ல மனிதர். சங்கு முறைப்படி ஊதப்பட்டது, உத்தரவுப்படிதான் மிஷின் ஓடியது, யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. "மேல கேக்க நேரமில்ல. நானே நிறுத்திட்டேன். கேட்டா பதில் சொல்லிக்கிறேன்" என்று மாமாவிடம் சொன்னார். 

அண்ணன் புதன்கிழமை வந்தது. அதுதானே அண்ணனுக்குப் புது லீவு. உங்கள் கையிலிருந்த காயங்களைப் பார்த்துக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டது.  பிறகு மெதுவாகக் கேட்டது.

"மிஷின நிறுத்துனாகளே, அது எந்த நேரம்?"

"கோயில்ல பாட்டு முடிஞ்சு கொஞ்ச நேரம் இருக்கும்" என்றார் மாமா.

"அப்பத்தான் தறி நின்னுச்சு." அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "கூடத்துல அத்தன தறியும் ஒரேயடியா நின்னுபோச்சு. பாதிப் பாவு நூலு அறுந்துருச்சு. சனியன் புடிச்ச கரண்டுன்னு திட்டுனேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டுனேன்."

நீங்கள் அதன் முதுகில் கை வைத்தீர்கள். பிற்பாடு கரண்டு ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவரிடம் நான் கேட்டேன். அங்கே ஒரு மிஷினை நிறுத்தினால் இங்கே தறி நிற்கும் என்பதெல்லாம் சும்மா, எத்தனையோ இடத்திலிருந்து கரண்ட் வருகிறது, அன்றைக்கு வேறு ஏதாவது கோளாறாக இருக்கும் என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அண்ணனிடம் நான் அதைச் சொல்லவில்லை.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் நீங்கள் அந்தப் பாறையிலிருந்து முழுதாக இறங்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கொப்பரையில் தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கே திடுக்கிடுவீர்கள். பாளையம்பட்டியில் ஒரு தறிக்கூடத்தை ஒட்டி வீடு வாடகைக்குக் கிடைத்தபோது, "இந்தச் சத்தம் ஆறு மாதிரியே இருக்கு" என்று சொல்லி இரண்டாம் மாதமே காலி பண்ண வைத்தீர்கள். யாருக்கும் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் மாமா காலமானபோது உங்கள் ஊருக்குப் போனோம். ஆற்றின் குறுக்கே நடைபாலம் கட்டியிருந்தார்கள். உங்கள் மகள் முன்னால் குதித்துக்கொண்டு ஓடினாள். நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி ஒவ்வொரு அடியாக வந்தீர்கள். நடுப்பாலத்தில் அவள் நின்று, "எந்தப் பாறை அத்தை?" என்று கேட்டாள். காட்டினேன்.

"இம்புட்டுக்காண்டா? இதுலயா ரெண்டு பேரு நின்னீங்க?"

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். நானும் குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். என் நினைவில் அது ஒரு மேடை அளவுக்கு இருந்தது. கீழே கிடந்ததோ, இரண்டு பேர் நெருங்கி உட்காரக்கூடப் போதாத கல். ஒரு அடி பின்னால் வைத்திருந்தால் போயிருப்போம். நடந்து முடிந்து அத்தனை வருஷம் கழித்து, பத்திரமான பாலத்தின்மேல் நின்றுகொண்டு, நாம் இருவரும் நடுங்கினோம். நீங்கள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, "பாத்தது போதும், வா" என்றீர்கள்.

போன வருஷம் ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்கள். அண்ணன் ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வந்து பார்த்தபோது உங்கள் முகத்தில் பயம் இல்லை. உங்களைப் பயமில்லாமல் பார்த்தது எனக்குப் புதிதாக இருந்தது.

மூன்றாம் நாள் வீடு நிறைய ஆட்கள். அக்கினி வெயில். ஜெபம் முடிந்து எல்லோரும் காற்றாடிக்குக் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். திடீரென்று கரண்ட் போய்விட்டது. சொந்தக்காரப் பையன் ஒருவன் சட்டையை உதறிக்கொண்டு, "சனியன், துக்க வீட்டுலகூட விடமாட்டாங்க" என்றான்.

மூன்று நாளாக வாய் திறக்காமல் மூலையில் கிடந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தது.

"திட்டாதப்பா. எங்கயோ யாராச்சும் கரையேறட்டும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சோகத்தில் ஏதோ பேசுகிறார் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உங்கள் மகள் மட்டும் என்னைப் பார்த்தாள். அண்ணன் மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டது. வியர்வை வழிய வழிய எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் காற்றாடி அசைந்தது. மெல்லச் சுழன்று வேகம் பிடித்தது. அப்பாடா என்று மொத்த வீடும் மூச்சு விட்டது. நான் மட்டும் சுழலுகிற காற்றாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே கரண்ட் வந்துவிட்டதென்றால், அங்கே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இப்படித்தான் மதினி. கரண்ட் போனால் ஊரே சலித்துக்கொள்கிறது, நான் நிம்மதியாக இருக்கிறேன். வந்தால்தான் பயம். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் கரண்ட் வந்ததும் பிள்ளைகள் ஹோவென்று கைதட்டும்போது, கையிலிருக்கும் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு, முகம் தெரியாத யாருக்கோ வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்: ஏறிருங்க, வெரசா ஏறிருங்க, நடுவுல நிக்காதீக.